சிமெண்டு மாப்பிள்ளை

வேலாயிபுரம் ரவுண்டானாவில் தளபதி மதங்கராயரைச் சுமந்துகொண்டு முன்னங்கால் இரண்டையும் தூக்கியபடி நிற்கிற சிமெண்டுக் குதிரை, ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கழுத்தை வளைத்துக் கீழே குனிந்து, மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக ஜரிகைத் துணி போர்த்தி நின்றிருந்த ரஞ்சிதம் என்ற வெள்ளைக் குதிரையின் பிடரிக்குக் கீழே நறுக்கென்று ஒரு கடி கடித்துவிட்டு, மறுபடி நிமிர்ந்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. ரஞ்சிதம் துள்ளிய துள்ளலில் மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை பேண்டு செட்டின் பெரிய மேளத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனார். பாட்டைப் பாதியில் நிறுத்தினால் அபசகுனம் என்று கிளாரினெட்காரர் மட்டும் கடைசிவரை வாசித்து முடித்தார்.

வேலாயிபுரத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. கடித்ததா இல்லையா என்பதில் ஊருக்குள் இரண்டு கருத்து இல்லை; எதற்காகக் கடித்தது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருந்தது. போன சுதந்திர தினத்துக்கு வெள்ளையடிக்காமல் விட்ட கோபம் என்றார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். வருஷக்கணக்கில் காலைத் தூக்கிக்கொண்டே நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது என்றார் டீக்கடைக்காரர். அதன் பார்வையே சரியில்லை என்று தான் எப்போதோ சொன்னதாகப் பூக்கடைக்காரம்மா சொன்னார்; அப்படி அவர் சொன்னதைக் கேட்டவர்கள் யாரும் இல்லை. கடித்தது குதிரையா, மேலே உட்கார்ந்திருக்கிற தளபதியின் தூண்டுதலா என்று தெரியாமல் புகாரை வாங்க முடியாது என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். பீடம் மட்டும்தான் எங்களுடையது, பீடத்துக்கு மேலே நடக்கிற எதற்கும் நாங்கள் பொறுப்பில்லை என்று நகராட்சியில் கையை விரித்துவிட்டார்கள்.

ரஞ்சிதத்தின் சொந்தக்காரி குருவம்மாவுக்கு இந்தக் கருத்துகளில் ஒன்றுகூடக் காதில் ஏறவில்லை. முந்தானையைச் சுருட்டிக் காயத்தின்மேல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டிருந்த குதிரையை அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திப் போனாள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை அவள். அவளுடைய அப்பா ஜட்கா ஓட்டியவர். ஜட்காவில் ஏற ஆளில்லாமல் போனதும், ஊரில் உள்ள மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஒருநாள் மட்டும் ராஜாவாக இருக்கிற ஆசை இருப்பதைக் கண்டுபிடித்து, கல்யாணத்துக்குக் குதிரை விட ஆரம்பித்தார். அவர் போன பிறகு அந்தத் தொழில் மகள் கைக்கு வந்தது. ரஞ்சிதம் தாயில்லாத குட்டியாக வந்தது. பால்புட்டியில் ரப்பரை மாட்டி, மடியில் தலையை வைத்துக்கொண்டு, குருவம்மா புகட்டி வளர்த்தது. அந்தக் குதிரையைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை, அதை வெளியே சொல்ல அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபராணி புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம்பெண். ஆடு, மாடு, இன்ஸ்பெக்டர் வீட்டு நாய் என்று எல்லாவற்றையும் கையில் தொட்டிருக்கிறாளே தவிர, குதிரையை அவள் பரீட்சைக்கு மட்டும்தான் படித்திருந்தாள். பின்னங்காலிலிருந்து நல்ல தூரத்தில் நின்றுகொண்டு கேட்டாள்.

"எது கடிச்சது?"

"ரவுண்டானாக் குதிரைங்க, டாக்டரம்மா."

"வெறி பிடிச்சிருந்தா ஆபத்து. கடிச்சதைக் கொஞ்ச நாள் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். எச்சில் வடிக்குதா, தண்ணியைக் கண்டா பயப்படுதான்னு பாருங்க."

"மழையில நனைஞ்சுக்கிட்டுதாங்க நிக்கும்."

"அப்ப சரி."

அவள் உப்புத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து காயத்தைக் கழுவினாள். டெட்டனஸ் ஊசி போட்டாள். குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வந்துவிடும், வந்தால் தாடை பூட்டிக்கொண்டு சாகும் என்றாள். முடியை மழித்து உள்ளே பார்க்கப் போனபோது ரஞ்சிதம் மேசையைக் கவிழ்த்துவிட்டது. மயக்க மருந்து மாவட்டத்திலிருந்து வர வேண்டும், வந்ததும் நானே வந்து பார்க்கிறேன் என்றாள்.

"அதுவரைக்கும் ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்கக்கா. பார்க்கச் சின்ன ஓட்டைதான். கடியெல்லாம் அப்படித்தான் இருக்கும், உள்ள சதை நசுங்கிப் பை மாதிரி கிடக்கும். மேல மூடிட்டா உள்ளயே அழுகிடும். அதான் தையல் போடல. திறந்தே இருக்கட்டும். மேல எதையும் பூசாதீங்க, கட்டாதீங்க."

"சரிங்க டாக்டரம்மா" என்று குருவம்மா சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரின் கருத்துகள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. ஓய்வுபெற்ற விலங்கியல் வாத்தியார் ஒருவர், ஆண் குதிரைக்குப் பெண் குதிரையைப் பிடித்துவிட்டால் சரியாக அந்த இடத்தில்தான் கடிக்கும் என்று சலூனில் முகச்சவரத்துக்கு நடுவே சொல்லிவைக்க, பாதித் தாடியோடு இருந்தவர்கள் எழுந்து ஓடிப்போய் ஊருக்குச் சொன்னார்கள். ஆக, சிமெண்டுக் குதிரைக்குப் பெண் பிடித்துவிட்டது. பிறகென்ன, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமா? அதற்குச் சிலைக் கமிட்டித் தலைவர் பரமானந்தம் இருந்தார். பஜாரில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவர். மதங்கராயர் எந்த ஊர்த் தளபதி, யாரோடு சண்டை போட்டார், ஜெயித்தாரா தோற்றாரா என்பது அவருக்கும் தெரியாது. சிற்பியிடம் ஒரு குதிரை மிச்சம் இருந்ததால் மதங்கராயர் குதிரை ஏறிய தளபதியானார் என்பது மட்டும் தெரியும். ஆனால் உரிமை என்று வந்துவிட்டால் பரமானந்தத்தை அசைக்க முடியாது.

"சிமெண்டு எங்க கடைச் சிமெண்டு. உள்ள இருக்கிற கம்பி எங்க கடைக் கம்பி. அப்ப பையன் யாரு வீட்டுப் பையன்?"

அவர் மனைவி மங்களேஸ்வரி முன்னால் தட்டை ஏந்திவர, பின்னால் கமிட்டி உறுப்பினர்கள் ஆளுக்கொரு தட்டோடு வர, பழமும் பூவும் வெல்லமும் கொள்ளுமாகக் குருவம்மாவின் லாயத்து வாசலில் வந்து நின்றார்கள். நேற்றுவரை "ஏ குருவம்மா, குதிரையை ஓரமாப் பிடி" என்று அதட்டிய பரமானந்தம், அன்றைக்குத் துண்டைச் சரிசெய்துகொண்டு, "சம்பந்தியம்மா, உள்ள வரலாங்களா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் குருவம்மா கவிழ்ந்துவிட்டாள். பிள்ளை இல்லாதவள். அப்பா போன பிறகு அவள் வாசலுக்கு யாரும் தட்டெடுத்து வந்ததில்லை. ஊரான் வீட்டுக் கல்யாணங்களுக்கு வாசல்வரை குதிரையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வெளியிலேயே நிற்கிறவளை, சம்பந்தியம்மா என்று ஒருவர் கூப்பிட்டதும் நெஞ்சு குளிர்ந்துபோனது. மங்களேஸ்வரி காயத்தின்மேல் மஞ்சளை அப்பி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பட்டுத்துணியால் இறுக்கிக் கட்டியபோது, டாக்டரம்மா சொன்னது தொண்டைவரை வந்தும் அவள் அதை விழுங்கிவிட்டாள். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் எப்படிச் சொல்வது என்று இருந்தது.

அதன் பிறகு ஊர் நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீஸ்வரை பேனர் வைத்தார்கள். ஒரு பக்கம் சிமெண்டுக் குதிரை, இன்னொரு பக்கம் ரஞ்சிதம், நடுவில் இரண்டையும்விடப் பெரிதாகப் பரமானந்தம். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களைக் கூட்டிவந்து கடிவாயைத் தொடச் சொன்னார்கள், தொட்ட கையோடு ஆளுக்கொரு சிட்டிகை மஞ்சளையும் அதன்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். பெண் பார்க்க என்று மாப்பிள்ளை வீட்டார் தினம் ஒரு கூட்டமாக வந்து, லாயத்தில் காற்று வரவில்லை என்றார்கள், காபியில் சர்க்கரை போதாது என்றார்கள், பெண் வெள்ளைதான், ஆனாலும் பளிச்சென்று இல்லை என்றார்கள். மாப்பிள்ளையின் தூக்கிய காலில் ஒன்றில் குளம்பு உடைந்து கம்பி தெரிகிறதே என்று குருவம்மா மெதுவாகக் கேட்டதற்கு, ஆம்பளைக்கு அதெல்லாம் ஒரு குறையா என்று ஒரேயடியாக அடக்கிவிட்டார்கள். கார்த்திகையில் தலைநகரத்திலிருந்து பெரிய தலைவர் ஒருவர் வருகிறார், அவர் தாலி எடுத்துக் கொடுப்பார், அன்றைக்குத்தான் முகூர்த்தம் என்று அவர்களாகவே முடிவும் செய்துவிட்டார்கள்.

ரஞ்சிதம் முதலில் கொள்ளைத் தின்பதை நிறுத்தியது. பிறகு கழுத்தைத் தாழ்த்துவதை நிறுத்தியது. தண்ணீர்த் தொட்டிக்குக் குனிய முடியாமல், குருவம்மா வாளியை உயரத் தூக்கிப் பிடித்தால்தான் குடித்தது. பட்டுத்துணிக்குக் கீழே கழுத்து பூசணிக்காயாக வீங்கி, தொட்டால் அடுப்பாகச் சுட்டது. மஞ்சளும் சந்தனமும் காய்ந்து ஓடாகி, அந்த ஓட்டுக்கு ஓரத்தில் ஒரு நாற்றம் கசிந்தது. ஊதுவத்தி கொளுத்தினால் சரியாகிவிடும் என்று கமிட்டியிலிருந்து ஒரு பெட்டி ஊதுவத்தி கொடுத்தனுப்பினார்கள்.

மருந்தும் மழிக்கிற கத்தியுமாக ஜெபராணி வந்தபோது, லாயத்து வாசலில் சீட்டாடிக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழுந்து குறுக்கே நின்றார்கள். பெண்ணுக்குக் காவலாம். பரமானந்தத்துக்கு ஆள் போய், அவரும் பைக்கில் வந்து இறங்கினார்.

"கல்யாணப் பொண்ணுக்கு மொட்டை போடுறீங்களா, டாக்டர்?"

"மொட்டை இல்ல சார். காயத்தைச் சுத்தி மட்டும் முடியை எடுக்கணும். உள்ள சீழ் பிடிச்சிருக்கு."

"அது மாப்பிள்ளை வெச்ச அடையாளம். அதைக் கழுவுறதும் அழிக்கிறதும் ஒண்ணுதான். பொண்ணைத் தொடுறதா இருந்தா மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"இப்பக் கேக்குறேன் சார். தொடலாமா?"

"கூடாது."

ஜெபராணி கோபத்தில் சிவந்துபோய்க் குருவம்மாவைத் தனியே அழைத்துப் போனாள். "அக்கா, கார்த்திகை வரைக்கும் இது தாங்காது. இந்த வாரமே தாங்காது. விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னா நான் என்ன ஊசி போட்டும் பிரயோசனம் இல்ல. போலீஸ்ல சொல்லுங்க."

"போலீஸ்காரய்யா நேத்து அவரு பொண்ணோட வந்து மஞ்ச வெச்சுட்டுப் போயிருக்காரும்மா."

அன்றைக்குக் குருவம்மா ரஞ்சிதத்தின் முன்னங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் வாயை நான்தானே மூடிக்கொண்டேன், ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருந்தால் இப்படி ஆகுமா என்று அழுதாள். குதிரையின் மூச்சு சூடாக அவள் தலையில் பட்டுக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே இருந்தவளுக்கு, மாப்பிள்ளை வீட்டார் என்கிறவர்கள் எப்போது ஒரு பெண்ணைத் தாங்களாகவே கைவிடுவார்கள் என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் வேலாயிபுரத்திலேயே யாரும் இருக்க முடியாது.

அவளையும் ஒருவன் ஊரறியக் கட்டிக்கொண்டு போனான். கல்யாணத்துக்கு முன்னால் நாலு தடவை வந்து அவள் கால் விரலைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டுப் போன குடும்பம்தான் அது. மறுவருஷம் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து கண்ணும் நகமும் மஞ்சளானதும், எண்ணிப் பார்த்தவர்களே ஒரு மஞ்சப்பையில் இரண்டு சேலையை வைத்துக் கொடுத்து, உங்க அப்பா வீட்டுக்குப் போய் வைத்தியம் பாத்துக்க, குணமானதும் வந்து கூப்பிட்டுக்கிறோம் என்று பஸ் ஏற்றிவிட்டார்கள். குணமாகி முப்பது வருஷம் ஆகிறது. கன்னிப்பெண்ணின் தலைமுடி ஒன்றைத் தொட்டால் சண்டைக்கு வருகிற இவர்கள், தாலி ஏறிய பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மாத்திரை வாங்கித் தர மாட்டார்கள். குருவம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, நேராக சிமெண்டுக் கடைக்குப் போனாள்.

"சம்பந்தி, நாளைக்கே நல்ல முகூர்த்தம் இருக்கு. முடிச்சுருவோம்."

பரமானந்தம் திடுக்கிட்டார். "தலைவர் வர்றாருல்லம்மா? கார்த்திகைன்னு பேசுனோமே?"

"தலைவர் வர்றப்ப வரவேற்பு வெச்சுக்குங்க. சீர்செனத்தி, சாப்பாடு எல்லாம் நான் பாத்துக்கிறேன். எனக்கென்னமோ தள்ளிப்போட மனசில்ல. பொன்னாம்பட்டிக் கோயில்ல ஒரு குதிரை நிக்குதுல்ல, அவங்க ஆளு விட்டுக் கேக்குறாங்க."

"பொன்னாம்பட்டியா? அவங்க என்ன கேக்குறது?"

"எங்களுது கல்லுக்குதிரை, சிமெண்டு இல்லன்னு சொல்றாங்க."

பரமானந்தத்துக்குச் சுருக்கென்றது. சிமெண்டைக் குறைத்துச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. மறுநாளே முகூர்த்தம் என்று அந்த நிமிஷமே மைக் செட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

கல்யாணம் அமோகமாகத்தான் நடந்தது. ரவுண்டானாவைச் சுற்றிப் பந்தல் போட்டதில் பஸ்கள் எல்லாம் வேறு வழியாகப் போய், வேறு வழி தெரியாத ஒரு டவுன் பஸ் சாயங்காலம்வரை ஊரைச் சுற்றிக்கொண்டே இருந்தது. தாலியை மாப்பிள்ளையின் வாயில் கொடுத்துக் கட்டச் சொல்லிப் பார்த்தார்கள். கடிப்பதற்குக் குனிந்த கழுத்து கட்டுவதற்குக் குனியவில்லை, மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்று சொல்லிவிட்டு, பரமானந்தம் ஏணியில் ஏறி அதன் பல்லில் தாலியை ஒரு தடவை தொட்டெடுத்து, கீழே வந்து, நிற்க முடியாமல் குருவம்மாவின் தோளில் தாடையைச் சாய்த்திருந்த ரஞ்சிதத்தின் கழுத்தில் கட்டினார். அட்சதை விழுந்தது. குருவம்மா ஒரு கையால் அட்சதை போட்டாள், மறுகையால் குதிரையின் நெஞ்சைத் தாங்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் நில்லு தங்கம், கொஞ்ச நேரம் என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கெட்டிமேளச் சத்தம் அடங்கியதும் மருமகளைப் பீடத்தோரம் கட்டினார்கள். வெயில் ஏறியது. பட்டுத்துணி நனைந்து, மஞ்சள் ஓடு விரிசல் விட்டு, அதுவரை உள்ளே இருந்தது வெளியே ஒழுக ஆரம்பித்தது. ஊதுவத்தி, சாம்பிராணி, மல்லிகைப்பூ எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டு அந்த நாற்றம் பந்திக்குள் நுழைந்தது. ஈக்கள் ரஞ்சிதத்தின் கழுத்துக்கும் பாயசத்துக்குமாகப் போய்வரத் தொடங்கின. காலையில் கடிவாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள்.

"பொண்ணுக்கு முன்னாடியே வியாதி இருந்துருக்கு. மறைச்சுக் கட்டி வெச்சுட்டாங்க" என்றார் கமிட்டிப் பொருளாளர்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நிறம் மங்கலா இருக்குன்னு" என்றார் இன்னொருவர்.

மாப்பிள்ளை வீட்டார் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கூடிப் பேசினார்கள். பேசி முடித்துப் பரமானந்தம் குருவம்மாவிடம் வந்தார்.

"சம்பந்தியம்மா, இந்த நெலமையில எப்படி வெச்சுக்கிறது? நீங்க கூட்டிட்டுப் போய் நல்லா வைத்தியம் பாருங்க. குணமானதும் வந்து கூப்பிட்டுக்கிறோம்."

சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். முப்பது வருஷத்துக்கு முன்னால் அவளைக் கொன்றுபோட்ட வாக்கியம், இப்போது கேட்கிறபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சம்பந்தி" என்றாள்.

குருவம்மா முன்னாலேயே சொல்லிவைத்திருந்தபடி, லாயத்தில் ஜெபராணி எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். காவலுக்கு இருந்தவர்கள் சீட்டுக்கட்டோடு போய்விட்டார்கள். புருஷன் வீட்டார் அனுப்பிவிட்ட பெண்ணுக்கு யார் காவல் இருக்கப் போகிறார்கள்? மயக்க ஊசி ஏறி ரஞ்சிதத்தின் தலை தொங்கியதும், குருவம்மா அதைத் தன் தோளில் வாங்கிக்கொண்டாள். ஜெபராணி அந்தப் பட்டுத்துணியை வெட்டி எறிந்தாள். வெந்நீரால் மஞ்சள் ஓட்டை ஊறவைத்து ஊறவைத்துப் பெயர்த்தாள். சுற்றிலும் முடியை மழித்ததும்தான் வரிசையாகப் பல் பதிந்த தடமும், நடுவில் கருத்துப்போன ஓட்டையும் தெரிந்தன. வீக்கத்தின் அடிப்பக்கம், சீழ் தானாகவே கீழ்நோக்கி வடிகிற மாதிரி, கத்தியால் ஒரு கீறல் போட்டாள். வந்தது ஒரு சொம்பு இருக்கும். குருவம்மா முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு ஜெபராணி உப்புத் தண்ணீரைப் பீச்சிப் பீச்சிக் கழுவினாள். பாட்டில் பாட்டிலாகக் காலியானது. கலங்கலாக வந்த தண்ணீர் இளஞ்சிவப்பாகி, அதன் பிறகு தெளிவாக வரும்வரை கழுவினாள். கையுறை போட்ட விரலை உள்ளே விட்டுத் துழாவியவள் சட்டென்று நின்று, இடுக்கியை வாங்கி, மெதுவாக எதையோ பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் அளவில் ஒரு சிமெண்டுப் பல். வேர் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த கம்பி.

"இது உள்ள இருக்கிறவரைக்கும் எந்தச் சாமி வந்தாலும் ஆறியிருக்காதுக்கா" என்றாள். வேர்த்துப்போயிருந்தாள். "மாப்பிள்ளைக்கு ஒரு பல்லு குறைச்சல்."

"எடுத்து அந்தக் கட்டில் காலுக்கு அண்டக் குடுங்கம்மா. ரொம்ப நாளா ஆடிக்கிட்டுக் கெடக்கு."

காயத்தைத் தைக்கவில்லை, மூடவில்லை. கீழே வடிகிற சீழ் பட்டுத் தோல் புண்ணாகாமல் இருக்க வாஸ்லின் தடவினாள். ஈ அண்டாமல் இருக்க ஓரத்தில் மருந்து போட்டாள். தினமும் பெனிசிலின் ஊசி, தினமும் கழுவல். குருவம்மாவுக்கும் ஜெபராணிக்கும் முதல் இரண்டு நாள் உயிர் கையில் இல்லை. அதற்கு மறுநாள் காலையில் ரஞ்சிதம் கழுத்தைத் தாழ்த்தி, தொட்டியிலிருந்து தானே தண்ணீர் குடித்தது. உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டுக் குருவம்மா வெளியே ஓடிவந்து, தெருவில் போன ஒரு காய்கறிக்காரரைக் கட்டிக்கொள்ளாத குறையாக, "குடிக்குது, குடிக்குது" என்றாள். காயம் அடியிலிருந்து சிவப்புச் சிவப்பாகச் சதை ஏறி, ஓரம் சுருங்கி, மெல்ல மெல்ல மேலே வந்து ஆறியது. இத்தனை நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தோடு கூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெரிய தலைவர் வருகிற நாள் நெருங்கியதும் எட்டிப் பார்த்தார்கள். பளபளவென்று நின்ற ரஞ்சிதத்தைப் பார்த்ததும் பரமானந்தத்துக்கு வாயெல்லாம் பல். மங்களேஸ்வரி பின்னால் ஒரு தட்டோடு நின்றாள். விஷயம் தெரிந்து தெருப்பெண்களும் வந்து கூடிவிட்டார்கள்.

"சம்பந்தியம்மா, தலைவர் கெளம்பிட்டாரு. மருமகளை அனுப்பி வைங்க."

குருவம்மா குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "அனுப்புறேங்க. ஒடம்புக்கு முடியாம தாய்வீட்டுக்கு வந்த பொண்ணு. கட்டுன புருஷன் வந்து கூப்புடட்டும், அனுப்புறேன்."

"நாங்கதான் வந்துருக்கோமே."

"நீங்க வந்தா? தாலி கட்டிக்கிட்டவ அவனோட பொண்டாட்டி. அவன்தான் வரணும். நேர்ல."

"அது சிலைம்மா. சிலை எப்படி வரும்?"

"கடிக்க வந்துச்சுல்ல?"

கூட்டத்தில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். "நியாயந்தானே கேக்குது" என்றாள் இன்னொருத்தி. "கடிக்கக் குனிஞ்சவரு கூப்பிடக் குனிய மாட்டாராக்கும்" என்று மூன்றாவது குரல் வந்தது. பரமானந்தம் சுற்றிலும் பார்த்தார். ஆண்கள் யாரும் கண்ணைக் கொடுக்கவில்லை. முறை என்று பேச ஆரம்பித்தவர் அவர்தான், முறையை இப்போது இல்லையென்று சொல்ல வழியில்லை.

எல்லோரும் ரவுண்டானாவுக்குப் போனார்கள். பேண்டு செட் வந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டார்கள், பீடத்திலிருந்து இறங்கச் சௌகரியமாக மணல் மூட்டைகளைப் படியாக அடுக்கினார்கள். பரமானந்தம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார். "ஒரே ஒரு எட்டு வெச்சுடுய்யா. வாசல்ல நின்னு ஒரு கனைப்புக் கனைச்சாப் போதும். மானம் போகுதுய்யா." சிமெண்டுக் குதிரை பல் போன இடத்தில் கம்பி தெரிய, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய தலைவரின் கார் வந்து, கண்ணாடியை இறக்கி, ஒருவர் சிலையின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள், அப்புறம் முந்தானையை எடுத்துவிட்டே சிரித்தார்கள். "எங்க வீட்டுலயும் இப்படித்தான் ஒண்ணு நிக்குது" என்று யாரோ சொல்ல, பக்கத்தில் இருந்தவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, சிரிப்பு நின்ற பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பரமானந்தம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம் திரும்பினார். "தட்டை எடு, போலாம்."

மங்களேஸ்வரி தட்டைப் பீடத்தின்மேல் வைத்தாள். ரவிக்கையைச் சரிசெய்துகொண்டாள்.

"கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு என்னையும் எங்கம்மா வீட்டுல கொண்டாந்து விட்டீங்க. குணமானதும் வரேன்னீங்க. எங்கண்ணன்தான் கொண்டாந்து திரும்ப விட்டாரு. நான் இப்ப எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்."

"இப்ப எதுக்குடி அது? எப்ப வருவ?"

"கூப்பிட்டா வர்றேன்."

"யாரு கூப்பிடணும்?"

"நீங்கதான். நேர்ல."

அவள் சாலையைக் கடந்து, வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். பஸ் புறப்படுகிறவரை நேரம் இருந்தது. சாலையைக் கடக்கப் பத்து எட்டுக்கூட இல்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பரமானந்தம் ஒரு காலை எடுத்து முன்னால் வைக்கப் பார்த்தார். அந்தக் கால் தூக்கியபடியே நின்றுவிட்டது.